கடல் தாண்டாத பணம்

ஒரு தேசத்திலிருந்து மற்றொரு தேசத்துக்குக் கோடிக்கணக்கான பணம் போகிறது என்று சொல்வது உலக வழக்கம். ஆனால் அந்தப் பணம் பெரும்பாலும் கப்பலிலும் ஏறுவதில்லை, விமானத்திலும் ஏறுவதில்லை. சென்னை வியாபாரி ஒருவர் லண்டன் வியாபாரிக்குப் பணம் செலுத்த வேண்டுமானால், சென்னை பாங்கியில் அவர் கணக்கில் ஒரு தொகை பற்று எழுதப்படுகிறது. சென்னை பாங்கி லண்டன் பாங்கி ஒன்றில் வைத்திருக்கும் கணக்கிலிருந்து அதற்குச் சமமான தொகை கழிக்கப்பட்டு, லண்டன் வியாபாரியின் பெயரில் வரவு வைக்கப்படுகிறது. நடப்பது இவ்வளவுதான். 1973-ம் வருஷம் பெல்ஜியத்தில் ஸ்தாபிக்கப்பட்ட ‘ஸ்விப்ட்’ என்ற ஏற்பாடுகூட, பாங்கிகளுக்கிடையே செய்தியைத்தான் கொண்டு செல்கிறது, பணத்தை அல்ல.

தனி மனிதரின் வியாபாரத்துக்கு இம்முறை மிகவும் சௌகரியமானது. ஆனால் ஒரு தேசத்தின் சேமிப்பு முழுவதும் அன்னிய தேசத்துக் கணக்குப் புத்தகத்தில் வரவாக எழுதப்பட்டுக் கிடக்குமானால், அப்புத்தகம் யார் வசம் இருக்கிறது என்ற கேள்வி உடனே எழுகிறது. இதற்கு உதாரணம் தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. இந்தியாவின் ஸ்டெர்லிங் பாக்கியின் வரலாறே போதுமானது.

அதற்கு முன்பிருந்த நிலைமையை முதலில் நினைவுபடுத்திக்கொள்வோம். பிரிட்டிஷ் ஆட்சியில் இந்தியா ஆண்டுதோறும் லண்டனில் பெருந்தொகை செலுத்தி வந்தது. கடனுக்கு வட்டி, ரயில்வே முதலுக்கு உத்தரவாதம் செய்யப்பட்ட லாபம், ஓய்வு பெற்ற உத்தியோகஸ்தர்களின் பென்ஷன் முதலியன சேர்ந்து ‘ஹோம் சார்ஜஸ்’ என்று பெயர் பெற்றன. இத்தொகையைச் சேர்ப்பதற்காக லண்டனிலிருந்த இந்தியா மந்திரி ‘கவுன்ஸில் உண்டியல்’களை விற்று வந்தார். இந்தியாவில் பஞ்சோ சணலோ கோதுமையோ வாங்க விரும்பிய வியாபாரி, லண்டனில் பவுன் கொடுத்து உண்டியலைப் பெறுவான். அதைக் கல்கத்தா, பம்பாய், சென்னைக் கஜானாக்களில் ரூபாயாக மாற்றிக்கொள்ளலாம். கஜானாவில் அந்த ரூபாய் எங்கிருந்து வந்தது? குடியானவன் செலுத்திய வரியிலிருந்து! ஆக, அவன் விளைவித்த பஞ்சுக்கு அவனுடைய வரிப்பணமே விலையாகத் திரும்பிவந்தது. அப்பஞ்சுக்கு ஈடாக வந்த பவுனோ லண்டனைவிட்டு நகரவேயில்லை. தாதாபாய் நௌரோஜி 1901-ல் பிரசுரித்த தம் பெருநூலில் செல்வம் வடிந்தோடுகிறது என்று எடுத்துக்காட்டியது இதைத்தான்.

1939-ல் யுத்தம் மூண்டது. கணக்கு தலைகீழாக மாறியது. அவ்வருஷம் நவம்பரில் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி இந்தியாவின் சொந்தப் பாதுகாப்புச் செலவு இந்தியாவையும், அதற்கு மேற்பட்ட யுத்தச் செலவின் பெரும்பகுதி பிரிட்டனையும் சேர்ந்தது. பிரிட்டனுக்காகத் துணி, தானியம், இரும்பு, தோல் முதலியன இங்கே வாங்கப்பட்டன. விலையை ரூபாயாக இந்திய சர்க்கார் கொடுத்தது. அதற்கு ஈடாக லண்டனில் ரிஸர்வ் பாங்கியின் பெயரில் பவுன் வரவு எழுதப்பட்டது. அந்த வரவையே ஆதாரமாகக் காட்டி இங்கே மேலும் நோட்டுகள் அச்சிடப்பட்டன. யுத்தத் தொடக்கத்தில் சுமார் 180 கோடி ரூபாயாக இருந்த நோட்டுப் புழக்கம், யுத்த முடிவில் சுமார் 1,200 கோடியாகப் பெருகிற்று. நம் ஏற்றுமதியால் கிடைத்த டாலரும் லண்டனிலுள்ள பொது நிதியில் சேர்க்கப்பட்டு, அதற்கும் பவுன் கணக்கிலேயே வரவு வைக்கப்பட்டது.

பொருள் போயிற்று, காகிதம் வந்தது, விலைவாசி விஷம்போல் ஏறிற்று. 1943-ல் வங்காளத்தில் சுமார் 30 லட்சம் ஜனங்கள் மாண்டனர். அப்பஞ்சத்துக்குக் காரணங்கள் பல உண்டு. ஆனால் யுத்தச் செலவால் விளைந்த பணப்பெருக்கமும் அவற்றில் ஒன்று என்பதை மறுக்க முடியாது. லண்டன் புத்தகத்தில் ஏறிய ஒவ்வொரு இலக்கத்துக்கும் பின்னால், அரைவயிற்றுக்கும் உணவில்லாத குடும்பங்கள் இருந்தன. ஸ்டெர்லிங் பாக்கி என்பது செல்வந்தன் வட்டிக்கு விட்ட பணம் அன்று. ஏழை பட்டினி கிடந்து கொடுத்த கடன்.

யுத்தம் முடிந்தபோது இப்பாக்கி சுமார் 130 கோடி பவுனை எட்டியிருந்தது. நூற்றாண்டுக் காலம் கடனாளியாக இருந்த தேசம் கடன் கொடுத்த தேசமாயிற்று. ஆனால் கடன் கொடுத்தவனுக்குரிய அதிகாரம் அதற்கு வந்ததா? யுத்தம் நடக்கும்போதே, இந்தியாவைக் காத்ததற்காக எதிர்க்கணக்கு எழுத வேண்டுமென்று சர்ச்சில் வாதாடினார். 1944-ல் பிரெட்டன் உட்ஸ் மகாநாட்டில், இப்பாக்கியின் ஒரு பகுதியையாவது புதிய சர்வதேச நிதியின் மூலம் மாற்றிக்கொள்ள வழி வேண்டுமென்று இந்தியப் பிரதிநிதிகள் கோரினர். கோவையைச் சேர்ந்த ஆர். கே. ஷண்முகம் செட்டியாரும், ஸி. டி. தேஷ்முக்கும், ஏ. டி. ஷ்ராபும் அக்குழுவில் இருந்தார்கள். இது எங்களுக்கும் எங்கள் கடன்காரருக்கும் இடையிலுள்ள விவகாரம், நாங்களே கௌரவமாகத் தீர்த்துக்கொள்வோம் என்ற கருத்தில் கீன்ஸ் பிரபு பதிலளித்தார். கோரிக்கை நிராகரிக்கப்பட்டது.

சுதந்தரத்துக்கு முந்திய நாளான 1947 ஆகஸ்டு 14-ந் தேதி ஒரு தாற்காலிக ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அப்போது பாக்கி சுமார் 116 கோடி பவுன். அதில் 6½ கோடி பவுன் மட்டுமே ‘முதல் நம்பர் கணக்கு’க்கு மாற்றப்பட்டு, செலவழிக்கக்கூடியதாயிற்று. மீதி முழுவதும் ‘இரண்டாம் நம்பர் கணக்கில்’ பூட்டப்பட்டது. மறு வருஷம் ஜூலையில் நிதி மந்திரி என்ற முறையில் ஷண்முகம் செட்டியாரே லண்டனுக்குச் சென்றார். பிரிட்டிஷார் விட்டுச்சென்ற ராணுவத் தளவாடங்களுக்காக 10 கோடி பவுனும், பென்ஷன் பொறுப்புகளுக்காக 16 கோடியே 80 லட்சம் பவுனும் பாக்கியிலிருந்து கழிக்கப்பட்டன. மூன்று வருஷங்களில் எடுத்துக்கொள்ளப் புதிதாக அனுமதிக்கப்பட்டது 8 கோடி பவுன். 1949 செப்டம்பரில் பவுனின் மதிப்பு 4.03 டாலரிலிருந்து 2.80 டாலராகக் குறைக்கப்பட்டது. புத்தகத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஆனால் அமெரிக்காவில் பொருள் வாங்கும் சக்தியில் சுமார் மூன்றில் ஒரு பங்கு மறைந்தது.

பிரிட்டனின் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். யுத்தத்தால் அத்தேசம் ஓட்டாண்டியாகியிருந்தது. 1947 ஜூலையில் பவுனைத் தாராளமாக டாலராக மாற்ற இடம்கொடுத்துப் பார்த்தது. ஐந்தே வாரங்களில் கையிருப்பு கரைந்து, அந்த ஏற்பாடு நிறுத்தப்பட்டது. பாக்கி அடியோடு மறுக்கப்படவில்லை. 1956-ல் தொடங்கிய இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்தின் ஆரம்பத்தில் அது நமக்குப் பெரிதும் உதவிற்று. ஆயினும், எப்போது, எவ்வளவு, எந்த நாணயத்தில் என்ற மூன்றையும் தீர்மானிப்பதில் மேற்கை புத்தகம் வைத்திருந்தவனுடையதாகவே இருந்தது.

இது பழங்கதை என்று தள்ளிவிட முடியுமா? 2022-ல் ரஷ்யா உக்ரேன்மீது படையெடுத்தபோது, மேல்நாடுகள் தங்கள் வசமிருந்த சுமார் 30,000 கோடி டாலர் மதிப்புள்ள ரஷ்ய மத்திய பாங்கியின் சேமிப்பை முடக்கின. படையெடுப்பின் அநீதி வேறு விஷயம். வேண்டும்போது புத்தகத்தை மூடிவிடலாம் என்பதை உலகம் மீண்டும் கண்டது. அன்னியச் செலாவணி வற்றிய 1991-ல், கடன் பெறுவதற்காக நாமே சுமார் 47 டன் தங்கத்தை லண்டனுக்கு அனுப்பி ஈடு வைத்தோம். 2024-ல் ரிஸர்வ் பாங்கி சுமார் 100 டன் தங்கத்தை இங்கிலாந்திலிருந்து தாய்நாட்டுக்குக் கொண்டுவந்த செய்தியை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும்.

அதற்காகச் சேமிப்பு முழுவதையும் நம் வீட்டிலேயே பூட்டி வைப்பது சாத்தியமன்று. அன்னிய தேசத்தில் எண்ணெய் வாங்குகிறவனுக்கு அன்னிய தேசத்தில் கணக்கு வேண்டும். ஒரே ஊரில், ஒரே நாணயத்தில் எல்லாவற்றையும் வைக்காமலிருப்பதே விவேகம்.

நமக்கு மற்றொரு கடமையும் உண்டு. ரஷ்ய எண்ணெயை நாம் ஏராளமாக வாங்கத் தொடங்கியபின், கோடிக்கணக்கான ரூபாய் இந்திய பாங்கிகளில் சேர்ந்து பயன்படாமல் கிடப்பதாக ரஷ்ய அன்னிய நாட்டு மந்திரி 2023 மே மாதம் கோவாவில் கூறினார். அந்த இடத்தில் புத்தகம் நம் கையில் இருந்தது, காத்திருந்தவர் மற்றவர். ரூபாயை உலக வியாபாரத்தில் நடமாடச் செய்ய விரும்பும் நாம், அதை வாங்குகிறவன் அதைக்கொண்டு தனக்கு வேண்டியதைப் பெறவும் வழி செய்ய வேண்டும். லண்டனிடம் நாம் கேட்டு நின்ற நியாயத்தைப் பிறருக்கு மறுப்பது தகுமா?

தேசத்தின் அன்னியச் செலாவணிக் கையிருப்பு உயர்ந்தது என்ற செய்தி வரும்போது மகிழ்வது இயல்பே. ஆனால் அது எந்த ஊரில், எந்த நாணயத்தில், யாருடைய புத்தகத்தில் இருக்கிறது என்றும் பிரஜைகள் விசாரிக்க வேண்டும். ஆறு மாதங்களுக்கு ஒருமுறை ரிஸர்வ் பாங்கி வெளியிடும் கையிருப்பு அறிக்கையில் இதற்கு ஓரளவு விடை கிடைக்கும். அரசியலில் ஈடுபட்டோர் அதைப் படித்து, ஜனங்களுக்கு எடுத்துச் சொல்வார்களாக.