அடிபட்டவருக்கு முழு உடல் ஸ்கேன்: சந்தேகங்களும் விளக்கங்களும்

ஒரகடத்தில் ஷிப்ட் விட்டு வரும் பைக்கும் கன்டெய்னர் லாரியும் ஒரே சாலையில்தான் ஓடுகின்றன. பெங்களூரு நெடுஞ்சாலையில் விபத்து என்றால் பலரும் ஓடுவது, தண்டலம் சவீதா போன்ற மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்கு. அங்கே உறவினர் கேட்கும் கேள்விகள் இவை.

கையில் சிராய்ப்புதான், நன்றாகப் பேசுகிறார். எதற்குத் தலையிலிருந்து இடுப்பு வரை சி.டி.?

மண்ணீரல் கிழிந்தவரும் முதல் அரை மணி நேரம் நன்றாகத்தான் பேசுவார். ரத்தம் வயிற்றுக்குள்ளேயே கசியும், வெளியே ஒரு சொட்டும் தெரியாது. கை நரம்பில் மருந்து ஏற்றிப் படம் எடுத்தால் கசியும் இடம் தெரிந்துவிடும். மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் சூடு பரவும், சிறுநீர் போய்விட்டதோ என்று தோன்றும், பயப்பட வேண்டாம். ரத்த அழுத்தம் சரிந்துகொண்டே போகிறவரை மட்டும் ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போகாமல், அல்ட்ராசவுண்டில் வயிற்றைப் பார்த்துவிட்டு நேரே ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோவதும் உண்டு.

எடுக்காவிட்டால் அலட்சியமா?

இல்லை. நெதர்லாந்திலும் சுவிட்சர்லாந்திலும் நடந்த ‘ரியாக்ட்-2’ ஆய்வு 2016இல் வெளியானது. பலத்த காயம்பட்டவர்களில் ஒரு பாதிக்கு உடனே முழு உடல் ஸ்கேன். மறு பாதிக்கு எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்டு, தேவைப்பட்ட இடத்துக்கு மட்டும் சி.டி. இரு தரப்பிலும் மருத்துவமனையில் இறந்தவர்கள் 16 சதவீதம். இரண்டாம் தரப்பிலும் ஏறக்குறையப் பாதிப் பேருக்குக் கடைசியில் உடம்பு முழுக்க எடுக்க வேண்டிவந்தது வேறு கதை. பைக்கில் சறுக்கி முட்டி தேய்ந்தவருக்கு, ‘எதற்கும் எடுத்துவிடுங்கள்’ என்று டாக்டரை நெருக்குவது வீண்.

கதிர்வீச்சால் புற்றுநோய் வருமா?

ஒரு முழு ஸ்கேனில் சுமார் 20 மில்லிசீவர்ட். இயற்கையாக நம்மேல் படுவது ஆண்டுக்குச் சுமார் 2.4. வாய்ப்பு சிறிதுதான், ஆனால் இளவயதினருக்குக் கொஞ்சம் கூடுதல். தேவையின்றி எடுக்கக்கூடாது என்பது அதனால்தான்.

பணம்?

2021 டிசம்பர் 18இல் மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், சேர்க்கப்பட்ட மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். தொடக்க வரம்பு 1 லட்சம் ரூபாய். காப்பீட்டு அட்டை வேண்டாம். பீகார், ஒடிசா தொழிலாளிக்கும் உண்டு.

108ஐ அழையுங்கள். வண்டி மோதியதா, தூக்கி எறியப்பட்டாரா, ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறவரா, பெண்ணானால் கர்ப்பமா என்று தெரிந்ததைச் சொல்லுங்கள். நசுங்கிய வண்டியைச் செல்போனில் ஒரு படம் எடுத்துக் காட்டினால் டாக்டருக்கு அதுவும் உதவும்.