சாணைக்கல்லைத் தட்டிப் பார்த்து வாங்குங்க!

பாலிங், கோல கெட்டில் பக்கத் தோட்டங்களில் பால்வெட்டுக் கத்தியைக் கையால் தீட்டிக்கொள்ளலாம். செம்பனைக் குலை வெட்டும் உளியும் மண்வெட்டியும் மழுங்கினால் பட்டறைச் சாணைதான் கதி. அதன் கல் தேய்ந்துவிட்டால், குறுக்களவும் துளையும் பொருந்தினால் மட்டும் போதாது. ஓடும்போது உடைகிற கல் கண்ணைப் பறித்துவிடும்.

கல்லில் அச்சடித்த சுழற்சி எண்ணைப் பாருங்கள். மோட்டார் தகட்டில் நிமிடத்துக்கு 2,850 என்றிருந்தால், கல்லில் அதற்குக் குறையவே கூடாது. துளையில் விரல்விட்டுத் தொங்கவிட்டு, மரப்பிடியால் மெல்லத் தட்டுங்கள். ‘கணீர்’ என்றால் நல்ல கல். ‘டொக்’கென்றால் விரிசல், வாங்காதீங்க.

மாட்டுமுன் பிளக்கைப் பிடுங்குங்கள். இடப்பக்க நட்டு வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும். கல்லின் இருபுறமும் காகித வட்டு இருக்கணும். துளை இறுகினால் சுத்தியலால் அடிக்காதீங்க. நட்டை அளவோடு முறுக்குங்கள். மூடியை மாட்டி, கல்லுக்கும் தாங்கிக்கும் 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி விடாதீர்கள். பிறகு ஒதுங்கி நின்று ஒரு நிமிடம் வெறுமனே ஓடவிடுங்கள்.

கண்ணாடி இல்லாமல் சாணை பிடிக்க வேண்டாம். 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டப்படி கொடுக்கும் பாதுகாப்புச் சாமானுக்கு முதலாளி சம்பளத்தில் காசு பிடிக்க முடியாது. தயங்காமல் கேளுங்க.