வெயிலே ஆகாத பிள்ளைகள்

1967இல் சான் பிரான்சிஸ்கோவில் ஜேம்ஸ் கிளீவர் என்ற இளம் ஆய்வாளர் உள்ளூர் நாளிதழில் ஒரு செய்தியைப் படித்தார். பரம்பரையாக வரும் ஒரு தோல்நோய். அது உள்ளவர்களுக்கு வெயில் படும் இடங்களில் சிறு வயதிலேயே புற்றுநோய் வருகிறது என்றது செய்தி. புற ஊதாக் கதிரால் டி.என்.ஏ.வில் ஏற்படும் சேதத்தை செல்கள் எப்படிச் சரிசெய்துகொள்கின்றன என்பதுதான் அப்போது அவருடைய ஆராய்ச்சி. அந்த நோயாளிகளிடம் இந்தச் சரிசெய்யும் வேலையே நடக்கவில்லையோ என்று அவருக்குப் பட்டது. தோல் மருத்துவர்கள் மூலம் நோயாளிகளின் தோல் செல்களை வாங்கி, ஆய்வகத்தில் வளர்த்து, புற ஊதாக் கதிரைப் பாய்ச்சினார். சாதாரண செல்கள் சேதமான இடங்களில் புதிய டி.என்.ஏ.வை இட்டு நிரப்பின. நோயாளிகளின் செல்களில் அந்த வேலை நடக்கவே இல்லை, அல்லது மிகக் குறைவாகவே நடந்தது. 1968 மே மாதம் 'நேச்சர்' இதழில் முடிவு வெளியானது. டி.என்.ஏ. பழுதுநீக்கக் குறைபாட்டை ஒரு மனித நோயோடு முதன்முதலில் தொடர்புபடுத்திய ஆய்வு அது.

நோயின் பெயர் சீரோடெர்மா பிக்மென்டோசம். மருத்துவர்கள் சுருக்கமாக எக்ஸ்.பி. என்பார்கள். வியன்னாவில் மொரிட்ஸ் கப்போசி 1870இலேயே இதை விவரித்து எழுதிவிட்டார். வறண்டு, மெலிந்து, புள்ளி புள்ளியாகக் கறுத்துப்போன தோலைப் பற்றி அவர் சொன்னது இன்றைக்கும் பொருந்துகிறது. ஏன் இப்படி ஆகிறது என்பதற்குத்தான் கிளீவர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

புற ஊதாக் கதிர் தோல் செல்லுக்குள் நுழைந்து, டி.என்.ஏ. இழையில் அடுத்தடுத்து இருக்கும் தைமின் என்ற இரண்டு வேதி எழுத்துகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடுகிறது. அந்த இடத்தில் இழை கோணிக்கொள்கிறது. பிரதியெடுக்க வரும் நொதி அங்கே திணறும். தப்பாகப் பிரதியெடுத்தால் மரபணுவில் பிழை விழும். பிழைகள் சேரச் சேரப் புற்றுநோய் வரும். வெயிலில் நடமாடும் எல்லோருக்கும் இந்தச் சேதம் நாள்தோறும் ஏற்படுகிறது. நாம் தப்பிப்பது செல்லுக்குள் இருக்கும் ஒரு புரதக் கூட்டத்தால். ஒரு புரதம் கோணலைக் கண்டுபிடிக்கும். வேறு சில அந்த இடத்தில் இழைகளைப் பிரித்து வைக்கும். இரண்டு நொதிகள் சேதத்தின் இருபுறமும் வெட்ட, ஏறக்குறைய 30 எழுத்து நீளமுள்ள துண்டு கழன்று விழும். எதிர் இழையைப் பார்த்து அந்த இடைவெளி நிரப்பப்படும். நல்ல தையல்காரர் நைந்த துணியைச் சுற்றி வெட்டியெடுத்துவிட்டு ஒட்டுப்போடுவதைப் போன்ற வேலைதான். இதன் நுட்பங்களை விளக்கியதற்காகத் துருக்கியில் பிறந்த அஜீஸ் சான்ஜார் 2015இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை 1972இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் நடந்தது. டிர்க் போட்ஸ்மாவின் குழு, இரண்டு எக்ஸ்.பி. நோயாளிகளின் செல்களை ஒன்றாக இணைத்தது. தனியாக இருந்தபோது பழுதுநீக்கத் தெரியாத இரண்டும், சேர்ந்ததும் வேலையைச் செய்துவிட்டன. ஒன்றிடம் இல்லாதது மற்றதிடம் இருந்திருக்கிறது! ஒரே பெயரில் அழைத்துவந்த நோய்க்குள் பல கோளாறுகள் இருப்பது அப்படித்தான் தெரிந்தது. ஏ முதல் ஜி வரை ஏழு வகைகள் பிரிந்தன. எட்டாவதான 'வேரியன்ட்' வகையில் வெட்டி ஒட்டும் வேலை ஒழுங்காகவே நடக்கிறது. சேதத்தைத் தவறில்லாமல் தாண்டிப் பிரதியெடுக்கும் நொதிதான் இல்லை. அந்த மரபணு 1999இல்தான் பிடிபட்டது.

பழுது நீங்காவிட்டால் புற்றுநோய் என்ற கணக்கு எல்லா இடத்திலும் ஒத்துவருவதில்லை. காக்கேய்ன் நோய்க்குறி உள்ள குழந்தைகளுக்கும் இதே வகைப் பழுதுநீக்கத்தில் குறை உண்டு, வெயிலும் ஆகாது. வளர்ச்சி நின்றுபோகும், பார்வையும் செவியும் மங்கும். ஆனால் தோல் புற்றுநோய் மட்டும் வருவதில்லை.

எக்ஸ்.பி.யில் அந்த ஆபத்து எவ்வளவு என்பதை அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் 1971 முதல் 2009 வரை 106 நோயாளிகளைக் கவனித்துக் கணக்கிட்டது. 20 வயதுக்குட்பட்டவர்களுக்கு மெலனோமா (நிறமி செல்களில் வரும் புற்றுநோய்) தவிர்த்த தோல் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 10,000 மடங்கு. மெலனோமாவுக்கு 2,000 மடங்கு. மெலனோமா அல்லாத முதல் தோல் புற்றுநோய் தென்படும் இடைநிலை வயது 9.

இங்கே ஒரு முரண். சில வகை எக்ஸ்.பி. குழந்தைகளுக்குச் சில நிமிட வெயிலிலேயே முகம் சிவந்து கொப்பளித்துவிடும். பெற்றோர் பதறி மருத்துவரிடம் ஓடுவார்கள். நோய் சீக்கிரம் தெரிந்துவிடும். பிள்ளையை வெயிலிலிருந்து காப்பாற்றுவார்கள். சி, ஈ, வேரியன்ட் வகைகளில் அந்தக் கொப்பளம் வருவதில்லை. முகத்தில் புள்ளிகள் மட்டும் மெல்லக் கூடிவரும். "மச்சம்தானே, வயசானா போயிடும்" என்று விட்டுவிடுகிறார்கள். கடைசியில் அதிகமாகப் புற்றுநோய்க்கு ஆளாவது, வெயில் சுடாத இந்தப் பிள்ளைகள்தான்.

வெயிலைத் தடுத்தால் மட்டும் போதாத வகைகளும் உண்டு. ஜப்பானில் சுமார் 22,000 பேருக்கு ஒருவருக்கு எக்ஸ்.பி. இருக்கிறது, பெரும்பாலும் ஏ வகை. அங்கே நூறு பேரில் ஏறக்குறைய ஒருவர் அந்த மரபணுப் பிழையைச் சுமக்கிறார். இந்த வகையில் செவித்திறன், நடை, பேச்சு, விழுங்கும் திறன் என நரம்பு மண்டலமும் படிப்படியாகத் தேய்கிறது. வெயிலே படாத மூளைக்கு ஏன் இந்தக் கதி? செல்லுக்குள் ஆக்சிஜன் சார்ந்த வேதிவினைகளாலும் டி.என்.ஏ. சேதமாகிறது, அதில் ஒரு பகுதிக்கும் இதே புரதங்கள்தான் தேவை என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

சிகிச்சையைப் பற்றிச் சொல்வதானால், அறிவியல் போன தூரம் மருந்து போகவில்லை. 1988இல் ஐந்து நோயாளிகளுக்கு ஐசோட்ரெடினோயின் மாத்திரையை அதிக அளவில் கொடுத்தபோது புதிய புற்றுநோய்கள் 63 சதவீதம் குறைந்தன. நிறுத்தியதும் மறுபடி கூடின. பக்கவிளைவுகளும் கடுமை. 2001இல் ஒரு வைரஸின் பழுதுநீக்க நொதியைக் களிம்பாக்கி ஓராண்டு பூசிப் பார்த்தார்கள். புற்றுநோய்க்கு முந்தைய தடிப்புகள் குறைந்தன, ஆனாலும் மருந்துக்கடை வரை அது வரவில்லை. இன்றைக்கும் கைகொடுப்பது மறைப்புதான்: முழுக்கை உடை, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் முகத்திரை, கண்ணாடி, வெயில் தடுப்புக் களிம்பு, வெயிலே படாததால் வைட்டமின் டி மாத்திரை. சாதாரண ஜன்னல் கண்ணாடி வழியாகவும் புற ஊதா-ஏ கதிர் வரும். அதற்குத் தனியாகப் படலம் ஒட்ட வேண்டும். அடிக்கடி தோல், கண் பரிசோதனையும் அவசியம்.

தமிழ்நாட்டுக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. இந்த நோய் வரத் தாய், தந்தை இருவரும் ஒரே மரபணுவில் பிழையைச் சுமந்திருக்க வேண்டும். சொந்தத்தில் கல்யாணம் செய்தால் அதற்கான வாய்ப்பு கூடும். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இங்கே நான்கில் ஒன்றுக்கு மேற்பட்ட திருமணங்கள் தாய்மாமன், அத்தை மகன், மாமன் மகன் என்று உறவுக்குள் நடப்பவை. இருவருமே பிழையைச் சுமக்கும் தம்பதிக்கு ஒவ்வொரு கர்ப்பத்திலும் 25 சதவீத ஆபத்து. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டதால் அடுத்ததற்கு வராது என்று யாராவது ஆறுதல் சொன்னால் நம்ப வேண்டாம்.

இரண்டு வயதுக்குள் குழந்தையின் முகத்தில் புள்ளிகள் விழுந்தாலோ, கொஞ்ச நேர வெயிலுக்கே தோல் கொப்பளித்தாலோ, வெளிச்சத்தைப் பார்த்தால் கண் கூசி நீர் வடிந்தாலோ, வீட்டு வைத்தியம் பார்த்து நாள் கடத்தாமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். சொந்தத்தில் திருமணம் செய்தவர்களாக இருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.