சேலை பழசு, முந்தானை புதுசு



தை பிறந்தால் கல்யாணப் பத்திரிகைகள் வர ஆரம்பித்துவிடும். பத்திரிகையைக் கையில் வாங்கியதும் நம்மில் பல பேருக்கு முதலில் வரும் கவலை மொய் இல்லை, சேலைதான். “போன கல்யாணத்துக்கும் இதே சேலையைத்தானே கட்டினே?” என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயம். இப்போது எல்லார் கையிலும் செல்போன் வேறு. போன வருசப் போட்டோவும் இந்த வருசப் போட்டோவும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கின்றன. வீட்டு ஆம்பளைகளுக்கு இந்தத் தொல்லை கிடையாது. ஒரே வெள்ளை வேட்டியை நூறு கல்யாணத்துக்குக் கட்டலாம், ஒருத்தரும் கேட்க மாட்டார்கள்.

எங்கள் சங்கத்தில் போன தை மாதக் கூட்டத்தில் ஒரு சகோதரி 3,000 ரூபாய் உள்கடன் கேட்டார். காரணம் கேட்டதற்கு “குடும்பச் செலவு” என்றார். எங்களுக்கு நூற்றுக்கு 1 ரூபாய் வட்டி. மாதம் 300 ரூபாய் அசல் என்று பத்து மாதத்தில் கட்டினால், குறைந்துவரும் அசலுக்கு மொத்த வட்டியே 165 ரூபாய்தான். அதுவும் நம்ம சங்கத்துக்கே வந்து சேருகிறது. ஆக, வட்டியால் பெரிய நஷ்டம் இல்லை. ஆனால் அன்றைக்குச் சங்கக் கையிருப்பு நாலாயிரத்துச் சொச்சம். மகனுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட 2,500 ரூபாய் வேண்டுமென்று இன்னொரு சகோதரியும் உட்கார்ந்திருந்தார். இரண்டு பேருக்கும் கொடுக்க வழி இல்லை.

பேசிப் பார்த்ததில், நாத்தனார் மகள் கல்யாணத்துக்குச் சேலை எடுக்கத்தான் அந்தப் பணம் என்று தெரிந்தது. நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. சேலைச் செலவைக் குடும்பச் செலவு என்று எழுதாதவர் எங்களில் யார்? கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு அவரே சொன்னார்: “முதல்ல பையனுக்கு பீஸைக் கட்டுங்க. என்கிட்ட பச்சைக் கலர்ல கைத்தறிச் சேலை ஒண்ணு இருக்கு. அதை ஏதாவது பண்ண முடியுமான்னு பாருங்க.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆறு பேர் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அந்தச் சேலையை விரித்துப் பார்த்தோம். அன்றைக்கும் அதற்குப் பிறகும் நாங்கள் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே சொல்கிறோம்.

ஒரு சேலை ஐந்தரை மீட்டர். அது முழுக்க ஒரே நாளில் பழசாவதில்லை. முதலில் போவது கால் ஓரம். செருப்பிலும் தரையிலும் உரசி ஃபால்ஸ் நைந்து தொங்கும். அடுத்தது ஜாக்கெட். வேர்வை பட்டு அக்குள் பக்கம் வெளுத்துவிடும், உடம்பு போட்டால் பத்தாமலும் போகும். பிறகு முந்தானை ஓரம். நடுவில் இருக்கிற துணி நன்றாகவே இருக்கும். ஆனால் பார்க்கிறவர்கள் கண் போவது ஓரத்துக்கும் ஜாக்கெட்டுக்கும்தான். அதனால் “பழசு” என்று பேர் வந்துவிடுகிறது. செலவு செய்வதென்றால் அந்த இடங்களில் மட்டும் செய்தால் போதும்.

வேலை ஆரம்பிக்கும் முன் துணியைச் சோதியுங்கள். மடிப்பு விழுந்த இடத்தை இரண்டு கையாலும் பிடித்து லேசாக இழுத்துப் பாருங்கள். இழை பிரிந்து கிழிகிறதென்றால் அந்தச் சேலைக்குச் செலவு செய்யாதீர்கள். நல்ல பாகத்தை வெட்டிப் பிள்ளைக்குப் பாவாடை தைக்கலாம், தலையணை உறை தைக்கலாம். கிழியவில்லை என்றால் இன்னும் பல வருசம் உழைக்கும்.

ஃபால்ஸ் மாற்றுவது எல்லாரும் அறிந்ததுதான். புது ஃபால்ஸைத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்த பிறகு தையுங்கள். நனைக்காமல் தைத்தால் துவைக்கும்போது அது சுருங்கி, சேலையின் கால் ஓரம் முழுக்க இழுத்துக்கொண்டு நிற்கும். இன்னொரு வழியும் உண்டு. உள்பக்கம், வெளிப்பக்கம் என்ற வித்தியாசம் இல்லாமல், இரண்டு கரையும் ஒரே மாதிரி இருக்கிற கைத்தறிச் சேலை என்றால், ஃபால்ஸைப் பிரித்து மேல் கரையில் வைத்துத் தையுங்கள். நைந்த கரை இடுப்புக்குள் போய் மறைந்துவிடும், புதுசாக இருக்கிற கரை காலுக்கு வரும். அச்சடித்த சேலைக்கு இது சரிவராது, வெளுத்த உள்பக்கம் வெளியே தெரியும்.

ஜாக்கெட்தான் ஆளையே மாற்றும். சேலையோடு வந்த துணியில்தான் தைக்க வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. சேலையில் எந்த நிறம் குறைவாக இருக்கிறதோ அந்த நிறத்தில் ஜாக்கெட் எடுங்கள். பச்சைச் சேலையின் கரையில் மெல்லிசாக ஒரு அரக்குக் கோடு இருந்தது. அந்த அரக்கிலேயே ஒரு மீட்டர் சுங்குடித் துணி எடுத்தோம். கட்டிப் பார்த்தபோது அதுவரை கண்ணில் படாத அந்தக் கோடுதான் பளிச்சென்று தெரிந்தது! சேலையே வேறு மாதிரி ஆகிவிட்டது. இப்படி எடுக்கிற ஒரு அரக்கு ஜாக்கெட் மஞ்சள் சேலைக்கும் ஆகும், சந்தனக் கலருக்கும் ஆகும்.

முந்தானைக்குக் குஞ்சம் போட்டோம். இதற்குக் காசே இல்லை. தறியில் நெய்த பருத்தி, பட்டுச் சேலையில் முந்தானையின் கடைசி ஓரத்தில் மூன்று அங்குலத்துக்கு ஊடை நூலை, அதாவது குறுக்கு இழையை, ஊசியால் ஒவ்வொன்றாக உருவ வேண்டும். உருவியதும் பாவு இழைகள் மட்டும் தொங்கும். அதில் இருபது இழையாகச் சேர்த்து, துணியை ஒட்டி இறுக்கமாக முடிச்சுப் போட வேண்டும். முடிச்சு தள்ளிப் போனால் துணி மேலும் பிரிந்துகொண்டே போகும். முதல் வரிசை முடிந்ததும், பக்கத்துப் பக்கத்துக் குஞ்சத்தில் பாதிப் பாதி எடுத்து இரண்டாம் வரிசை முடிச்சுப் போட்டால் வலை மாதிரி வரும். ஒரு மத்தியானப் பொழுது பிடிக்கும். பேசிக்கொண்டே செய்தால் தெரியாது. பாலியஸ்டர் சேலைக்கு இது வேண்டாம், இழை வழுக்கி முடிச்சு நிற்காது. அதற்கு நூல் கடையில் கிடைக்கும் பட்டு நூலில் குஞ்சம் கட்டித் தைத்துவிடலாம்.

லேஸ் விசயத்தில் நாங்கள் சூடு பட்டுக்கொண்டோம். பச்சைச் சேலை நன்றாக வந்த தைரியத்தில், வேறொரு சகோதரியின் சந்தனக் கலர் சேலைக்குச் சிவப்பு லேஸ் வாங்கி, அப்படியே வைத்துத் தைத்துவிட்டோம். முதல் துவைப்பிலேயே சிவப்புச் சாயம் சேலையில் இறங்கி, கரையெல்லாம் ரோஸ் கலர். போதாக்குறைக்கு லேஸ் சுருங்கி, துணி அலை அலையாக நின்றது. அவர் பெருந்தன்மையாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் சேலை போனது போனதுதான். லேஸ், கரை, ஒட்டுத்துணி எது வாங்கினாலும் முதலில் நனைத்து, வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். வெள்ளையில் கறை ஏறினால் வெளிர் நிறச் சேலைக்கு அதை வைக்கவே வைக்காதீர்கள்.

அடுத்து வளையல். கலர் போன பழைய பிளாஸ்டிக் வளையல்களைத் தூக்கிப் போட வேண்டாம். பட்டு நூலை ஒரு அட்டையில் இருபது, இருபத்தைந்து சுற்றுச் சுற்றி, ஒரு பக்கம் வெட்டினால் கற்றையாக வரும். அதன் நுனியை வளையலின் உள்பக்கம் பசை தடவி ஒட்டி, இடைவெளி இல்லாமல், முறுக்காமல் சுற்றிக்கொண்டே வந்து, கடைசி நுனியையும் உள்பக்கமே ஒட்டிவிட வேண்டும். சேலைக்கு ஒன்று, ஜாக்கெட்டுக்கு ஒன்று என்று இரண்டு நிறத்தில் செய்து கலந்து போட்டால் கடை வளையல் தோற்றுப்போகும். தண்ணீர் மட்டும் படக் கூடாது. பந்தியில் பரிமாறப் போகும்போது கழற்றி வைத்துவிடுங்கள்.

கவரிங் கம்மல், ஜிமிக்கி போட்டால் சிலருக்குக் காது அரித்துப் புண்ணாகும். பெரும்பாலும் அதில் கலந்திருக்கும் நிக்கல்தான் காரணம். காதில் படுகிற தண்டில் நிறமில்லாத நகப்பாலிஷ் தடவிக் காயவைத்துப் போட்டால் பலருக்கு அரிப்பு குறையும். பாலிஷ் தேயத் தேய மறுபடி தடவ வேண்டும். புண் இருந்தால் ஆறும்வரை போடவே வேண்டாம். அவர்களுக்குச் சுடுமண் ஜிமிக்கியும் உண்டு, ஆனால் அதன் கொக்கியும் உலோகம்தான் என்பதைப் பார்த்து வாங்குங்கள்.

கணக்கையும் சொல்லிவிடுகிறோம். ஃபால்ஸ் 40, ஜாக்கெட் துணி 110, ஊக்கும் நூலும் 15, பட்டு நூல் 30, பசை 25, தையல் தெரிந்த எங்கள் சகோதரிக்குக் கூலி 150. மொத்தம் 370 ரூபாய். கூலியைக் குறைக்கச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. அது அவருடைய தொழில்.

புதுச் சேலைக்கு ஆசைப்படவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. எங்களுக்கும் ஆசை இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு புதுத் துணிக்கும் எங்கோ தண்ணீர் செலவாகிறது, எங்கோ சாயம் கரைகிறது. நொய்யல் ஆற்றுத் தண்ணீரைத் தேக்கிப் பாசனம் செய்யக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர்ச் சாயத்தண்ணீர் தேங்கி, விவசாயம் கெட்டது நமக்குத் தெரியும். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றமே அங்குள்ள சாயப்பட்டறைகளை மூட உத்தரவு போட வேண்டி வந்தது. குறைந்த விலை என்று நாம் அடுக்கடுக்காக வாங்குகிற பாலியஸ்டர் சேலையோ ஒருவகைப் பிளாஸ்டிக்தான். குப்பையில் போட்டால் மக்காது.

கல்யாணத்தில் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். நாத்தனாரே முந்தானையைக் கையில் பிடித்துப் பார்த்து, “எந்தக் கடையில எடுத்தே?” என்று கேட்டாராம். நம்ம சகோதரி உண்மையைச் சொல்லிவிட்டார். இப்போது அந்த நாத்தனாரின் இரண்டு சேலைகள் குஞ்சம் போட எங்கள் திண்ணைக்கு வந்திருக்கின்றன, குஞ்சத்துக்கு 200 ரூபாய் பேச்சு.

அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது பீரோவில் கிடக்கிற சேலை ஒன்றும் ஒரு ஊசியும் கொண்டு வாருங்கள். கூட்டம் முடிந்த பிறகு முடிச்சுப் போடுவதைக் கூட உட்கார்ந்து காட்டித் தருகிறோம்.