சுட்டுத்துண்டும் உறிஞ்சற் பொறியும்: ஒழுங்கற்ற வடிவங்களைப் பற்றும் முறை குறித்து ஒரு நோக்கு

முல்லைத்தீவு மாவட்டத்திலே, மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு செல்லும் வீதியில் அமைந்துள்ளது ஒட்டுசுட்டான். குரக்கன் அறுத்தபின் எஞ்சிய ஒட்டினைச் சுட்டபோது சிவலிங்கம் வெளிப்பட்டதென்பது அங்குள்ள தான்தோன்றீஸ்வரர் ஆலயம் பற்றி வழங்கும் ஐதிகம். ஊர்ப்பெயருக்கும் அதுவே காரணமாகக் கூறப்படுகிறது. நாம் ஈண்டு எடுத்துக்கொண்ட பொருளோ வேறொரு வகை ஒட்டுதலைப் பற்றியது: போத்தலிலும் பொதியிலும் சுட்டுத்துண்டை ஒட்டும் பொறி, ஒழுங்கற்ற வடிவமுள்ள துண்டினை உறிஞ்சிப் பற்றுவது எவ்வாறு என்பதே நமது வினா. இத்தகைய சிறு தொழினுட்ப வினா தமிழ்ச் சங்கத்தின் ஏட்டில் ஏன் இடம்பெறல் வேண்டுமெனச் சிலர் கேட்கக்கூடும். அதற்கான விடையையே முதற்கண் கூற விழைகின்றோம்.

ஒட்டுசுட்டான் கைத்தொழிலை அறியாத ஊரன்று. அதன் களிமண்ணை நம்பி ஓட்டுத் தொழிற்சாலையொன்று அங்கு இயங்கியது. போர்க்காலத்தில் அது செயலிழந்தது. 2009இல் போர் முடிவுற்று மக்கள் மீளக் குடியேறியபின், வன்னியின் வாழ்வு பெரிதும் நெல், கால்நடை, காட்டு விளைபொருள், சிறு உற்பத்தி என்பவற்றையே சார்ந்து நின்றது. தேனோ பழப்பாகோ பெயரின்றிக் கலனில் மொத்தமாக விற்கப்படின், அது பிறிதொருவர் பெயர் தாங்கிய போத்தலுக்குள் சென்றுவிடும். உழைத்தவர் பங்கு சுருங்கும். பொதியிட்ட உணவுக்குச் சுட்டுத்துண்டு வேண்டுமென்பது 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழான ஒழுங்குவிதிகளின் தேவையுமாகும். எனவே சுட்டுத்துண்டு வெறும் அலங்காரமன்று. உற்பத்தியாளர் தம் பெயருடன் சந்தைக்குட் புகுவதற்கான வாயில் அது.

கையினால் ஒட்டுவதிற் குறையொன்றுமில்லை. ஆயின் ஆயிரக்கணக்கில் ஒட்டவேண்டி வரும்போது பொறி தேவைப்படுகிறது. சாதாரணப் பொறிகளின் பற்றுதலை நீள்சதுரத் துண்டினை மனங்கொண்டே அமைப்பர். வேறு வடிவத்துண்டு ஏன் வேண்டுமென வினவின், அது எப்போதும் ஆடம்பரத்தின்பாற் பட்டதன்று. மேற்புறம் ஒடுங்கிய கூம்புவடிவப் போத்தலின் மேற்பரப்பை விரித்தால் நமக்குக் கிடைப்பது நீள்சதுரமன்று, விசிறிபோன்ற வில்வடிவமே. அதன்மேல் நீள்சதுரத்தைச் சுற்றி ஒட்டினால், அதன் விளிம்புகள் போத்தலின் சுற்றுக்கு இணங்காது கோணுதல் கேத்திரகணித நியதி. ஆகவே போத்தலின் வடிவமே துண்டின் வடிவத்தை விதிக்கிறது.

இனி உறிஞ்சுதல் என்றால் யாதெனக் காண்போம். வெற்றிடம் பொருளை இழுக்கிறது என்பது வழக்கு. உண்மையில் வெற்றிடம் எதனையும் இழுப்பதில்லை. வெளியேயுள்ள வளிமண்டலமே பொருளைத் தள்ளுகிறது. 1640களில் தொரிசெல்லி இரசக் குழாயைக் கொண்டு இதனை விளக்கினார். அடுத்த பதினைந்தாண்டுகளுள் ஒட்டோ வொன் குவெரிக்கே மக்டபேர்க் நகரில், உள்ளிருந்து வளி அகற்றப்பட்ட இரு செம்பு அரைக்கோளங்களைக் குதிரைகளாலும் பிரிக்க இயலாமையைக் காட்டினார். கடல்மட்டத்தில் வளிமண்டல அமுக்கம் ஏறத்தாழ 101 கிலோபாஸ்கல். அதாவது ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றர் மீதும் ஏறத்தாழ 10 நியூற்றன் விசை. பொறியினுள் அமுக்கத்தைப் பாதியளவு குறைத்தால் நமக்குக் கிடைப்பது சதுர சென்ரிமீற்றருக்கு 5 நியூற்றன்.

சதுர மீற்றருக்கு 80 கிராம் நிறையுள்ள தாளில், 100 சதுர சென்ரிமீற்றர் பரப்புடைய ஒரு துண்டை வெட்டினால் அதன் திணிவு 0.8 கிராம், நிறை ஏறத்தாழ 0.008 நியூற்றன். ஒரேயொரு சதுர சென்ரிமீற்றர் உறிஞ்சுவாய் தரும் விசை இந்நிறையின் அறுநூறு மடங்கிற்கும் மேலாகும். அவ்வாறாயின் துண்டு ஏன் விழுகிறது? ஏன் கோணுகிறது? இவ்வினாவிலேதான் சிக்கலின் உயிர்நிலை உள்ளது. விசை போதாமையன்று காரணம். வளிக்கசிவு, ஓரம் கிளம்புதல், சுழற்சி என்னும் மூன்றுமே காரணங்கள். இதனை உணராதோர் மேலும் வலிய பம்பியை வாங்குவர். பணம் செலவாகும், துண்டு தொடர்ந்தும் விழும்.

முதலாவது, கசிவு. 4 மில்லிமீற்றர் விட்டமுள்ள 20 துளைகள் ஒரு தட்டில் உள்ளனவென்று கொள்வோம். நீள்சதுரத் துண்டு அனைத்தையும் மூடும். வில்வடிவத் துண்டு 12 துளைகளை மட்டுமே மூடுமாயின், எஞ்சிய 8 துளைகளூடாக வெளிவளி உட்பாயும். அவற்றின் மொத்தப் பரப்பு 100 சதுர மில்லிமீற்றர், அதாவது ஒரு முழுச் சதுர சென்ரிமீற்றர். எல்லாத் துளைகளும் ஒரே அறையுடன் தொடுக்கப்பட்டிருப்பதால், திறந்த துளைகள் அறையின் அமுக்கக் குறைவை அழித்து, மூடிய துளைகளின் பிடியையும் தளர்த்திவிடும்.

இதற்கு எளிய பரிகாரம் மறைப்புத்தகடு. துண்டின் வடிவத்தை ஓர் இறப்பர்த் தாளில் வரைந்து, எல்லைக்கு 2 அல்லது 3 மில்லிமீற்றர் உட்புறமாக வரும் துளைகளை மட்டும் திறந்து, ஏனையவற்றை மூடிவிடலாம். துண்டு மாறும்போது பொறியை மாற்ற வேண்டியதில்லை. தாளை மாற்றினாற் போதும். சிறு பட்டறையிலேயே செய்யத்தக்க வேலை இது.

அடிக்கடி வடிவம் மாறுமிடத்துப் பிறிதொரு வழியுண்டு. ஒவ்வொரு துளையையும் அகன்ற வாயும் ஒடுங்கிய தொண்டையும் உடையதாக அமைத்தல் அது. வாய் 4 மில்லிமீற்றர், தொண்டை 0.5 மில்லிமீற்றர் எனின் பரப்பு 64 மடங்கு வேறுபடும். துண்டு வாயை மூடியதும் வளியோட்டம் நிற்கும். ஓட்டமில்லாதபோது தொண்டை எத்துணை ஒடுங்கியிருப்பினும் தடையில்லை. வாயின் முழுப் பரப்பிலும் முழு விசை கிடைக்கும். திறந்த துளையிலோ தொண்டை ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும். முன்னர் கண்ட 8 துளைகளின் கசிவுப் பரப்பு இப்போது ஏறத்தாழ 1.6 சதுர மில்லிமீற்றராகக் குறைந்துவிடும். பிடிப்பை வாய் தீர்மானிக்கிறது, இழப்பைத் தொண்டை தீர்மானிக்கிறது எனச் சுருங்கக் கூறலாம்.

ஆயினும் இம்முறைக்கும் ஓர் எல்லையுண்டு. பூச்சில்லாத தாள், சுட்ட ஓட்டினைப் போலவே நுண்டுளைகள் உடையது. அத்தகைய தாளினூடாகவே வளி கசியும். ஓட்டம் நில்லாதபோது ஒடுங்கிய தொண்டை குறுக்கே நின்று வாயின் அமுக்கக் குறைவைக் கெடுக்கும். ஆகவே பளபளப்புப் பூச்சுள்ள தாளுக்கும் பிளாஸ்டிக் படலத்துக்கும் ஒடுங்கிய தொண்டை பொருந்தும். நுண்டுளைத் தாளுக்கு மறைப்புத்தகடும், பெருமளவு வளியை அகற்றும் விசிறியுமே பொருந்தும். விசிறி 10 கிலோபாஸ்கல் குறைவை மட்டும் தந்தாலும் சதுர சென்ரிமீற்றருக்கு 1 நியூற்றன் கிடைக்கும். நாம் கண்ட துண்டின் நிறைக்கு அது நூறு மடங்கிற்கும் மேல். ஆழ்ந்த வெற்றிடத்தைக் காட்டிலும் கசிவை ஈடுசெய்யும் ஓட்டமே அங்கு வேண்டப்படுவது.

இரண்டாவது, ஓரம் கிளம்புதல். துண்டு விரைந்து நகரும்போது பற்றப்படாத ஓரத்தைக் காற்று தூக்கும், தூக்கிய இடத்தால் வளி புகும், பிடி கழன்றுவிடும். தாளின் விறைப்பு அதன் தடிப்பின் மும்மடிக்கு ஏற்ப மாறுவது. தடிப்பு பாதியானால் விறைப்பு எட்டிலொன்றாகும். எனவே மெல்லிய தாளிலும், இலைநுனி போன்ற ஒடுங்கிய முனைகளிலும் துளைகளை நெருக்கி வைத்தல் அவசியம். வன்னியின் காலநிலையும் கருதற்குரியது. மாரியில் ஈரத்தை உறிஞ்சிய தாள் சுருளும். கோடையின் உலர்ந்த வளியில் பிளாஸ்டிக் துண்டுகள் நிலைமின்னேற்றம் பெற்று ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தாளை மூடிய பையில் வைத்துப் பேணுதலும் பொறியின் உலோகச் சட்டத்தைப் புவியுடன் தொடுத்தலும் செலவற்ற காப்புகளாம்.

மூன்றாவது, சுழற்சி. துண்டின் ஈர்ப்பு மையத்திலிருந்து விலகிய ஒரே புள்ளியில் பற்றினால் துண்டு திரும்பிவிடும். பிறைவடிவத் துண்டின் மையமோ துண்டுக்கு வெளியிலேயே விழக்கூடும். அங்கே பற்றுவதற்குத் தாளே இராது. எனவே மையத்தைச் சூழ்ந்து, ஒரே நேர்கோட்டில் அமையாத மூன்று இடங்களிலேனும் பற்றுதல் வேண்டும். மையத்தைக் காணக் கருவி எதுவும் தேவையில்லை. துண்டின் வடிவில் ஓர் அட்டையை வெட்டி, ஊசியில் தொங்கவிட்டுக் குண்டுநூல் வழியே கோடு வரைக. வேறோர் இடத்திலிருந்து தொங்கவிட்டு மறுகோடு வரைக. இரண்டும் வெட்டும் இடமே மையம்.

பற்றுதலைப் போன்றே விடுதலும் முக்கியமானது. வால்வை மூடியவுடன் வெற்றிடம் மறைவதில்லை. நீண்ட குழாயினுள் அது சற்று நேரம் எஞ்சி நிற்கும். துண்டின் ஒருபுறம் முந்தியும் மறுபுறம் பிந்தியும் கழலுமாயின் அச்சு கோணும். வால்வைப் பற்றுதலைக்கு அண்மையில் அமைப்பதாலும், விடும் கணத்தில் எதிர்த்திசையில் சிறிது வளியை ஊதுவதாலும் இக்குறை நீங்கும்.

மேற்கூறியவற்றுள் எதுவும் அரிய இரகசியமன்று. இறப்பர்த் தாள், துளையிடும் கருவி, அட்டை, நூல் என்பவற்றோடு அமுக்கம் பற்றிய பாடசாலை அறிவும் சேர்ந்தாற் போதும். ஆயினும் இவ்வறிவு உழைப்போர் மொழியில் எழுதப்படாதவிடத்து, பொறியை விற்போர் கூறுவதே வேதமாகிறது: “உங்கள் போத்தலை மாற்றுங்கள், அன்றேல் புதிய பொறி வாங்குங்கள்.” உற்பத்தியாளர் பொறிக்கு அடங்குவதா, பொறி உற்பத்தியாளருக்கு அடங்குவதா என்பதே இதன் அடியில் உள்ள வினா.

பொறி வந்தால் ஒட்டும் கைகள் வேலையிழக்குமே என்னும் ஐயமும் நியாயமானது. பொறியை உடைமையாகக் கொண்டவர் யார் என்பதிலேயே அதற்கான விடை தங்கியுள்ளது. ஒட்டியவர்களே கூட்டாக அதனை உடைமையாகக் கொண்டு, தாமே திருத்தவும் மாற்றவும் வல்லவராயின், மிஞ்சும் நேரம் அவர்களுடையதாகும். அறிவின்றி உடைமை மட்டும் இருப்பின், முதற் பழுதோடு பொறி மூலையில் ஒதுங்கும். தமிழில் அறிவியல் எழுதுதல் என்பது கலைச்சொல் ஆக்குவதோடு முடிவதன்று. ஒட்டுசுட்டானில் ஒரு பட்டறையில் இறப்பர்த் தாளை வெட்டும் கைக்கு, எங்கே வெட்டுவது, ஏன் வெட்டுவது என்று உரைப்பதும் அதன் கடனாகும்.