கணினியில் தமிழ் எண்ணும் குறியும்

பதினைந்து என்னும் எண்ணைத் தமிழெண்ணால் எழுதின் ௧௫ என வரும். இதனைக் கணினியில் தட்டெழுதப் புகும் மாணவன், தமிழெண்ணுக்குரிய வழி அறியாமையால், ககரத்தையும் அதனை அடுத்து 'ரு' என்பதையும் தட்டிவிடுகின்றான். திரையில் 'கரு' எனத் தோன்றுகின்றது. கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. கணினிக்கோ அவை முற்றும் வேறானவை. பார்வையற்றோர்க்குத் திரையைப் படித்துக்காட்டும் செயலி அதனைப் பதினைந்து என்று ஒலிக்காது. 'கரு' என்றே ஒலிக்கும். பதினைந்தாம் குறளைத் தேடுவோர்க்கும் அது அகப்படாது.

இதற்குக் காரணம் யாது? தட்டச்சுப்பொறி தாளில் மையைப் பதிப்பதோடு நின்றது. வடிவம் ஒத்திருந்தால் அங்குப் போதும். கணினி அத்தகையதன்று. ஒவ்வோர் எழுத்துக்கும் குறிக்கும் உரிய எண்ணையே அது சேமித்து வைக்கின்றது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கு இவ்வாறு எண் வகுத்த முறையே ஒருங்குறி என்னும் யூனிகோடு. 1991ஆம் ஆண்டு வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. அதன்படி ககர எழுத்தின் எண் 2965. ஒன்று என்னும் ௧ இன் எண் 3047.

ஒன்று முதல் ஒன்பது வரையுள்ள தமிழெண்கள் 3047 முதல் 3055 வரை வரிசையாக நிற்கின்றன. பத்து (௰), நூறு (௱), ஆயிரம் (௲) ஆகியவை 3056, 3057, 3058 ஆகும். பழைய முறையில் சுழி எழுதுவதில்லை. ஆதலால் 1957 என்பதை ௲௯௱௫௰௭ என எழுதினர். சுழிக்குரிய 3046 என்னும் இடம் 2005இல்தான் நிரப்பப்பட்டது. நாள் (௳), மாதம் (௴), ஆண்டு (௵), பற்று (௶), வரவு (௷), மேற்படி (௸), ரூபாய் (௹), எண் (௺) ஆகிய எட்டுக் குறிகளும் 2003இல் சேர்ந்தன; அவை 3059 முதல் 3066 வரை அமைந்துள்ளன. முந்திரி முதலிய பின்னக் குறிகளும் பிறவுமாக மேலும் 51 குறிகள் 2019இல் இடம்பெற்றன.

இவற்றைத் தட்டும் முறை எளிதே. விண்டோஸ் கணினியின் வேர்ட் செயலியில், ஆல்ட் விசையை அழுத்தியவாறே, விசைப்பலகையின் வலப்புறத்து எண்விசைகளில் 3047 எனத் தட்டி, ஆல்ட் விசையை விடுக. ௧ தோன்றும். எழுத்துருவில் அக்குறி இல்லையேல் வெறுங்கட்டமே தோன்றும். அப்போது எழுத்துருவை மாற்றுதல் வேண்டும். எல்லாக் குறிகளையும் ஒருமுறை ஒரு கோப்பில் பதித்து வைத்துக்கொண்டால், வேண்டும்போது நகலெடுத்து ஒட்டலாம்.

எண்ணில் நேரும் இப்பிழை எழுத்திலும் நேர்வதுண்டு. ஔவையார் பெயரை, ஒகரத்தின் பக்கத்தில் ளகரத்தை இட்டு 'ஒளவையார்' எனத் தட்டுவோர் பலர். 'ஔவை' ஈரெழுத்துச் சொல். அவ்வாறு தட்டியதோ மூன்றெழுத்தாகிவிடுகின்றது. அகரவரிசையில் ஓகாரத்துக்குப் பின் நிற்க வேண்டிய சொல், ஒகரத்தின்கீழ்ப் போய் ஒளிந்துகொள்ளும். தமிழ் 99 விசைப்பலகையில் ஔகாரத்துக்குத் தனி விசையே உண்டு. எழுத்து விசைகளுள் கீழ்வரிசையின் இடக்கோடியில் இருப்பது அது.

ஏட்டில் மாணவன் பிழையாய் எழுதினால் ஆசிரியர் கண் அதனைக் கண்டுகொள்ளும். திரையிலுள்ள இப்பிழை கண்ணை ஏய்ப்பது. ஆகவே தமிழெண்ணைக் கற்பிக்கும் நாளிலேயே அதனைத் தட்டும் முறையையும் கற்பித்தல் நலம். இன்று தட்டப்படுவதே நாளை தேடப்படுவது. பிழையாய்ப் பதிந்தது, இருந்தும் இல்லாததே ஆகும்.