லாரி நிறைந்தால் போதுமா?

2016 டிசம்பர் 4 அன்று ஜெயலலிதாவுக்கு எக்மோ பொருத்தப்பட்டதும், இருமுறை அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பிய ஆண்டிபட்டி உட்படத் தமிழ்நாடெங்கும் அந்தச் சொல் புழங்கத் தொடங்கியது. ரத்தத்தை உடலுக்கு வெளியே எடுத்து, ஆக்சிஜன் ஓடும் மெல்லிய இழைகளின் மேல் பாயவிட்டுத் திருப்பி அனுப்பும் கருவி அது. திரும்பும் ரத்தம் 100 சதவீதம் செறிந்திருந்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. கம்பத்திலிருந்து கிளம்பும் திராட்சை லாரிகள் நிறைந்திருக்கின்றன என்பதால் மட்டும் ஏற்றிய சரக்கு எவ்வளவென்று தெரிந்துவிடுமா? எத்தனை லாரி, வரும்போதே பாதிச் சுமையோடு வந்தவை எத்தனை என்றும் பார்க்க வேண்டும்.

இங்கே லாரி, ஹீமோகுளோபின். அதில் 1 கிராம் சுமார் 1.34 மி.லி. ஆக்சிஜனைச் சுமக்கும். 100 மி.லி. ரத்தத்தில் 12 கிராம் இருந்து, செறிவு 65இலிருந்து 100 ஆகி, நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓடினால், ஏறுவது 225 மி.லி. (ரத்தத்தில் கரைவது தனி, அது கொஞ்சம்தான்.) ஓய்விலிருக்கும் பெரியவருக்கே சுமார் 250 தேவை. ஹீமோகுளோபின் 7 ஆகக் குறைந்தால், அதே 100 சதவீதத்திலும் ஏறுவது 131தான். விரலில் மாட்டும் கருவி இருக்கிறதே என்றால், அது நோயாளியின் சொந்த நுரையீரல் தந்ததையும் கலந்தே காட்டும். அதனால்தான் எக்மோவுக்கு முன் ஒன்று, பின் ஒன்று என இரண்டு ரத்த மாதிரிகள் எடுக்கிறார்கள்.